வாணிபுரம் வழியாக வெனிஸுக்கு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், நம் கல்லூரி ஆங்கிலத் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் என்னைத் துறையில் வந்து பார்த்தார். "சார், ஒவ்வொரு வருஷமும் ஒரு துறைக்காரர் தன்னோட படிப்பு, ஆராய்ச்சி பத்திப் பேசணும்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம். முதல்ல இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட். நீங்கதான் பேசறீங்க" என்றார். "என் பயோ-டேட்டா அரைப் பக்கம்தாங்க வரும், அதை வச்சுக்கிட்டு என்ன பேசறது?" என்றேன். "அந்த அரைப் பக்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே, அரைப் பக்கத்தை முதலில் வாசித்துவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். 1985 முதல் 1988 வரை இதே கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம். பிறகு வெளியூரில் எம்.ஏ., அதன் பின் எம்.ஃபில். 'நெட்' தேர்வில் இரண்டாவது முறை தேர்ச்சி. 1995இல் இங்கேயே வேலை. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர ஆராய்ச்சி செய்து 2004இல் முனைவர் பட்டம். ஆராய்ச்சித் தலைப்பு, தமிழ் மேடையில் ஷேக்ஸ்பியர். அவ்வளவுதான், அரைப் பக்கம் முடிந்தது. இனி அதற்குள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா விவசாயம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், கையெழுத்து மணிமணியாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' பாடம். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். "ஏம்பா, என்ன கதை அது? எங்களுக்கும் சொல்லேன்" என்றார் அப்பா. சொன்னேன். நண்பனுக்காக ஒரு வியாபாரி கடன் வாங்குகிறான். தவணை தவறினால் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதையை அறுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கிறான். கப்பல்கள் வந்து சேரவில்லை. வழக்கு மன்றத்துக்குப் போகிறது.

அப்பா கேட்ட முதல் கேள்வி இது: "சாட்சிக் கையெழுத்து யாரு போட்டது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தக் 'கைடி'லும் அந்தக் கேள்வி கிடையாது. புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். பத்திரம் எழுதுகிறவரிடம் போகலாம் என்று ஷைலாக் அழைக்கிறான். சாட்சி பற்றிப் பேச்சே இல்லை. இதெல்லாம் சும்மா வேடிக்கைக்கு என்றும் சொல்கிறான். அதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "வேடிக்கைக்குன்னு சொல்லி வாங்குற பத்திரம்தாம்பா கடைசியில வீட்டை வாங்கும்" என்றார். புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கி, வட்டி கட்டி, அதைக் கிழித்துப் போடும் வரை தூக்கமில்லாமல் இருந்த மனிதர் அவர். அவருக்கு அந்த நாடகம் வெனிஸில் நடக்கவில்லை. எங்கள் தெருவில் நடந்தது.

அக்காவும் பக்கத்தில் இருந்தது. போர்ஷியா ஆண் வேடம் போட்டுக்கொண்டு வக்கீலாக வந்து வாதாடுகிறாள் என்றதும், "ஏண்டா, பொம்பளையா வந்தா உள்ள விட மாட்டாங்களா?" என்று கேட்டது. அதுவும் 'கைடி'ல் இல்லாத கேள்விதான். இந்த இரண்டு கேள்விகளோடுதான் விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பினேன். பின்னால் நான் செய்த ஆராய்ச்சிக்கெல்லாம் விதை அங்கே விழுந்தது என்றால் மிகையில்லை.

எம்.ஃபில். படிக்கும்போது ஒரு புத்தகம் கைக்கு வந்தது. கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்'. ஆங்கில இலக்கியம் என்பது ஒரு பாடமாக உருவான கதையை அது சொல்கிறது. இங்கிலாந்தில் கல்லூரிப் பாடமாகப் பரவுவதற்கு முன்பே அது இந்தியாவில் பாடமாக நிலைபெற்றுவிட்டது என்பது அதன் வாதம். கொஞ்சம் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்பு 1835. சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் 1857. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894இல். கேம்பிரிட்ஜில் 1917இல். லண்டனில் மட்டும் 1828லேயே ஆங்கிலத்துக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். பழைய பெரிய பல்கலைக்கழகங்களில் கிரேக்கமும் லத்தீனும்தான் உயர்ந்த படிப்பு. தாய்மொழி இலக்கியத்தை வகுப்பில் வைத்துப் படிப்பதா என்று அங்கே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நம் பையன்கள் ஷேக்ஸ்பியருக்குப் பதவுரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எதற்காகப் படிக்க வைத்தார்கள் என்பதும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஆளுவதற்கு வசதியான ஆட்களை உருவாக்க வேண்டும். மதத்தை நேரடியாகப் போதித்தால் எதிர்ப்பு வரும். இலக்கியத்தின் வழியாக ஒழுக்கத்தைப் போதிக்கலாம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுத்தவன் நினைத்தது ஒன்று, வாங்கியவன் செய்தது இன்னொன்று. நம் ஆட்கள் வாங்கி என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் பம்மல் சம்பந்த முதலியார் வந்து நின்றார்.

மூத்தவர்களுக்கு அவரைத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1873இல் பிறந்து 1964 வரை வாழ்ந்தவர். வக்கீல், பிறகு நீதிபதி. ஆங்கிலம் படித்த அந்தக் கால இளைஞர்கள் பலரைப் போல, ஆரம்பத்தில் அவருக்கும் தமிழ் நாடகம் என்றால் இளப்பம்தான். 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் தெலுங்கு நாடகக் குழுவோடு சென்னைக்கு வந்தார். அதைப் பார்த்த பிறகு பம்மலாரின் மனம் மாறியது. அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிறகு எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேல். அவற்றில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் ஐந்து. 'ஹாம்லெட்' அமலாதித்யன் ஆனது. 'மக்பெத்' மகபதி ஆனது. 'சிம்பலின்' சிம்மளநாதன். 'ஆஸ் யூ லைக் இட்' விரும்பிய விதமே. நான் திண்ணையில் படித்த 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்', வாணிபுர வணிகன்.

இந்தப் பெயர்களைச் சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வெனிஸ், வாணிபுரம். ஒலி கிட்டத்தட்ட அதே ஒலி. உள்ளே பார்த்தால் வாணிபம் இருக்கிறது. அந்த நகரத்தின் தொழிலே அதுதானே! ஹாம்லெட், அமலாதித்யன். மாசற்ற சூரியன் என்று பொருள். மூல நாடகத்தில் அந்த இளவரசன் முதல்முதலாக வாய் திறக்கும் காட்சியிலேயே வெயிலையும் மகனையும் வைத்துச் சிலேடை பேசுகிறான்; ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஒலி. அப்படிப்பட்டவனுக்குச் சூரியன் பெயர் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

எல்லாவற்றையும் விட என்னைத் தூங்கவிடாமல் செய்த பெயர் ஒன்று உண்டு. ஒபீலியாவுக்கு அவர் வைத்த பெயர், அபலை. அப்பன் சொன்னபடி கேட்டு, அண்ணன் சொன்னபடி கேட்டு, காதலனிடம் வசவு வாங்கி, சித்தம் கலங்கி, நீரில் மூழ்கிச் சாகிற பெண். ஒலியும் ஒட்டுகிறது, விதியும் ஒட்டுகிறது. மூன்றே எழுத்தில் ஒரு விமர்சனக் கட்டுரை! ஒவ்வொரு காலமும் ஒபீலியாவை மேடையிலும் ஓவியத்திலும் மருத்துவத்திலும் எப்படியெல்லாம் காட்டியது என்று எலைன் ஷோவால்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுதும் ஆங்கிலத் துறைகளில் படிக்கப்பட்ட கட்டுரை, நாங்களும் படித்தோம். தமிழ் மேடையில் அவளுக்கு அபலை என்று பெயர் இருந்தது என்பது அதில் இல்லை. அவர் எப்படி எழுத முடியும்? அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நாம். இதை உணர்ந்த அன்றுதான் எனக்கு ஆராய்ச்சித் தலைப்பு கிடைத்தது.

அக்கா கேட்ட கேள்விக்கும் இந்த வழியில்தான் விடை கிடைத்தது. பம்மலார் நாடகம் எழுத ஆரம்பித்த காலத்தில் இந்த நாட்டில் ஒரு பெண் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. கார்னீலியா சொராப்ஜி 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். ஆனாலும் 1923இல் பெண் வழக்கறிஞர்களுக்கான சட்டம் வரும் வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் போர்ஷியாவின் ஆண் வேடம் நம் ஊர் ரசிகருக்கு ஏதோ சீமைக் கற்பனை அல்ல, கண்முன் இருந்த நிலைமை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுகுண விலாச சபையில் பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்கள். ரங்கவடிவேலு முதலியார் அதில் பெரும் புகழ் பெற்றவர். ஆக, ஓர் ஆண் பெண்ணாக வேடம் கட்டி, அந்தப் பெண் மறுபடி ஆணாக வேடம் கட்டி வழக்கு மன்றத்துக்கு வர வேண்டும்! ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடையிலும் இதே கதைதான், அங்கே பெண் வேடம் கட்டியவர்கள் சிறுவர்கள். 20ஆம் நூற்றாண்டு லண்டன்காரர் மறந்துவிட்ட ஒரு மேடை முறை, அதே காலத்துச் சென்னை ரசிகருக்குச் சாதாரணம். நாம் ஷேக்ஸ்பியருக்குத் தூரத்துச் சொந்தமும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அப்பாவின் பத்திரத்துக்கு வருவோம். வட்டிக்காரனைத் தமிழ் ரசிகருக்கு நன்றாகத் தெரியும். யூதரைத் தெரியாது. மொழிபெயர்க்கிறவர் என்ன செய்வது? மூன்று வழிகள் இருக்கின்றன. யூதன் என்றே வைத்துக்கொள்ளலாம். சபையில் பாதிப் பேருக்கு விளங்காது. இங்குள்ள ஒரு சமூகத்தைச் சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் பழி விழும். மதத்தையே எடுத்துவிட்டு வெறும் வட்டிக்காரனாக ஆக்கலாம். அப்போது, எங்களுக்கும் உங்களைப் போல உடம்பும் உணர்ச்சியும் இல்லையா என்று ஷைலாக் கேட்கிற அந்தப் பெரிய பேச்சுக்குக் காலே இல்லாமல் போய்விடும். மூன்றுக்கும் விலை உண்டு. இந்த விலையைக் கணக்குப் போடுவதைத்தான் மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி என்கிறோம். சொல்லுக்குச் சொல் அகராதி பார்ப்பது அதில் முதல் படி மட்டுமே.

இதைச் சொல்லி வேலை வாங்க நான் பட்ட பாடும் உண்டு. 1993இல் வெளியூரில் ஒரு நேர்முகத் தேர்வு. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். "வாட் இஸ் யுவர் ஏரியா?" என்றார்கள். "ஷேக்ஸ்பியர்" என்றேன். முகம் மலர்ந்தது. "குறிப்பாகப் பம்மல் சம்பந்த முதலியார்" என்றேன். முகம் சுருங்கியது. ஒருவர், "பம்மல் பல்லாவரத்துப் பக்கத்துல இருக்கிற ஊருதானே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "மிஸ்டர், நீங்க தமிழ் டிபார்ட்மெண்டுக்குப் போக வேண்டியவர், அறை மாறி வந்துட்டீங்க" என்றார். வேலை கிடைக்கவில்லை. அதில் எனக்கு இன்று வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் நினைவில் இருக்கிறது. ஆங்கிலத் துறைக்குள் தமிழ் வந்தால் அறை மாறி வந்தது என்று நினைக்கிற அந்தப் புத்தி, அந்த அறையோடு முடிந்துவிடவில்லை.

உண்மையில் அந்த இரண்டு அறைக்கும் நடுவே சுவர் எப்போது இருந்தது? இந்த விழா தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். அது 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்படுவது, 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாடல் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில் இருப்பது. அவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். நாடகத்தின் கதைக்கரு லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதைக் கவிதையிலிருந்து எடுத்தது. அப்படியானால், நாம் தமிழுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஆங்கிலம் படித்த ஒரு தமிழ்ப் பேராசான் கட்டிய வீட்டு வாசலில்தான் நிற்கிறோம்.

பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட சூரியநாராயண சாஸ்திரியார் ஆங்கிலத்து 'சானெட்' வடிவத்தைப் பார்த்துத் தமிழில் பதினான்கு வரிப் பாசுரங்கள் செய்தார், ஜி.யு. போப் அவற்றை ஆங்கிலமாக்கினார். பாரதியார் இளமையில் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் நிறுத்திப் பார்க்க ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதினார். சினிமாவும் இதில் சேர்த்திதான். 1949இல் வந்த 'கன்னியின் காதலி', ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்'. 1963இல் வந்த 'அறிவாளி', 'டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'. 'சொர்க்கம்' படத்தில் ஜூலியஸ் சீசராகவும், 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் ஹாம்லெட்டாகவும் சிவாஜி வந்து நின்றபோது கொட்டகையில் விசிலடித்தவர்களில் எத்தனை பேர் பி.ஏ. ஆங்கிலம்?

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும், ஏ.கே. ராமானுஜன். மைசூரில் பிறந்தவர். கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்த வாத்தியார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் எதையோ தேடப் போய், உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற மொழிபெயர்ப்பு வந்தது. ஆங்கில வாசகர்கள் பலருக்குச் சங்கக் கவிதையின் கதவு அப்போதுதான் திறந்தது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஆங்கில ஆசிரியர், கடல் கடந்து போய்க் குறுந்தொகையைக் கண்டுபிடித்தார். நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. நம் கல்லூரி நூலகத்தில் இரண்டாவது மாடி ஏறினால் போதும்.

இப்போது மாணவர்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். போன ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்: "சார், நான் மனசுக்குள்ள தமிழ்லதான் யோசிக்கிறேன். இங்கிலீஷ்ல யோசிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு வரல. நான் டிபார்ட்மெண்ட் மாறிடட்டுமா?" நன்றாகப் படிக்கிற பெண். 'டெஸ்டு'களில் முதல் ஐந்து இடத்துக்குள் வருகிறவள். அவளுக்கே இந்தப் பயம் என்றால், மற்றவர்கள் பாடு என்ன?

அவளிடம் சொன்னதைத்தான் உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். தமிழில் யோசிப்பது குறை இல்லை. உன்னிடம் இருப்பது முதல். கையில் முதலை வைத்துக்கொண்டு கடன்காரி மாதிரி ஏனம்மா நடந்துகொள்கிறாய்? ஆனால் முதலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் லாபம் வராது. மூலத்தைப் படிக்க வேண்டும். ஆங்கில வாக்கியத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். தமிழ் தெரியும் என்பது மூலத்தைத் தொடாமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது. பம்மலார் மூலத்தைக் கரைத்துக் குடித்ததால்தான் அபலை என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. கைப்பேசியில் இன்று ஒரு பக்கத்தைக் காட்டினால் அடுத்த நொடி தமிழில் வந்துவிடுகிறது. வரட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "சாட்சிக் கையெழுத்து யாரு போட்டது?" என்று அது கேட்காது. உங்கள் அப்பாவும் அக்காவும் கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் படிக்கிற கதையை வீட்டில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வகுப்பில் முதல் பத்து நிமிடம் அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் துறை மாறவில்லை. இப்போது மூன்றாம் ஆண்டு.

ஒரு கவலையையும் சொல்லிவிட வேண்டும். நான் ஆராய்ச்சிக்குள் நுழைந்த வாசல் எம்.ஃபில். ஒரு வருடம் படித்து, ஒரு சிறிய ஆய்வேடு எழுதி, நமக்கு இது வருமா வராதா என்று பார்த்துக்கொள்ள உதவிய படி அது. 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளோடு அந்தப் படி எடுக்கப்பட்டுவிட்டது. வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு அது எத்தனை உதவியாக இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். இனிமேல் அந்தப் பழக்கத்தைப் பி.ஏ. வகுப்பிலேயே ஏற்படுத்தித் தர வேண்டியது துறையின் பொறுப்பு. அதற்காகத்தான் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அதற்குப் பழைய மாணவர்களாகிய உங்கள் உதவி வேண்டும். நான் இன்று மேடைக்கு வரச் சம்மதித்ததே இதற்காகத்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் நம் கல்லூரிக் காலத்துச் சாமான்கள் ஏதாவது கிடக்கும். கல்லூரி விழா நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கையால் எழுதிய வசன நோட்டு, மேக்கப்போடு எடுத்த குரூப் போட்டோ, பழைய ஆண்டு மலர். அதைவிட முக்கியமாக, நீங்கள் படித்த இங்கிலீஷ் பாடப் புத்தகங்கள், 'நான்-டீடெய்ல்டு' புத்தகங்கள். வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதியிருப்பீர்கள் அல்லவா, அந்தப் புத்தகங்கள்தான் வேண்டும். சுத்தமான புத்தகம் கடையிலேயே கிடைக்கும். நீங்கள் கிறுக்கியது வேறெங்கும் கிடைக்காது.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதுவரை பதினொரு புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் மூன்று 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்'. ஷைலாக் கேட்கிற 'பாண்டு' என்ற சொல்லுக்கு மேலே, மூன்றிலும் மூத்த புத்தகத்தில் 'முச்சலிக்கா' என்று எழுதியிருக்கிறது. அடுத்ததில் 'புரோநோட்டு'. கடைசிப் புத்தகத்தில் 'ஒப்பந்தம்'. ஒரே சொல், மூன்று தலைமுறை. ஷேக்ஸ்பியரை நம் ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் எந்த வெளிநாட்டு நூலகத்தில் இருக்கிறது? இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர், ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் நோட்டீஸ்களும்தான் 1994 முதல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. கோடை விடுமுறைகளில் நான் அங்கே போய் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் எனக்கு ஆராய்ச்சி கிடைத்தது. வீட்டை இடித்துக் கட்டும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு அறையைக் காலி செய்யும்போதும், பழைய பேப்பர்க்காரர் வாசலில் வந்து நிற்பார். அவர் வருவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். மாணவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள். திருப்பி வேண்டுமென்றால் ஸ்கேன் செய்துகொண்டு பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவோம். ரசீதும் உண்டு. இந்த முறை சாட்சிக் கையெழுத்தோடு!